அடுக்களையில் ட்ரிப்பர் விழுந்தால்: காரணத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு ஆச்சி போன் செய்தார்கள். "தம்பி, கிரைண்டர போட்டா டப்புனு கரண்டு போயிருது. மூணு மட்டம் ஏத்திப் பாத்துட்டேன். நாளைக்கு மறுவீட்டுக்காரங்க வாராங்க, மாவு ஆட்டணும். என்ன செய்ய?"

நான் இரண்டு கேள்விதான் கேட்டேன். விழுந்தது எந்த ட்ரிப்பர்? சுவிட்சைப் போட்ட உடனே விழுந்ததா, கொஞ்ச நேரம் ஓடிய பிறகு விழுந்ததா? "எல்லாம் ஒரே பெட்டிக்குள்ளதான இருக்கு, எதுன்னு கண்டேன்" என்றார்கள். பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை வயரிங் வேலைக்குப் போகிறவன் நான். பத்து வீட்டில் எட்டு வீட்டில் இதே பதில்தான் வரும். அந்த இரண்டு கேள்விக்கும் உங்களிடம் பதில் இருந்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், எதையும் கழற்றவும் வேண்டாம். அந்தப் பதிலைப் பெறுவது எப்படி, பெற்றபின் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருப்பவை

நம் பக்கம் எல்லாவற்றையும் ட்ரிப்பர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் டி.பி. பாக்ஸுக்குள், அதாவது வீட்டுக்கு வரும் மின்சாரத்தை லைன் லைனாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்குள், வேலை வேறு வேறாக உள்ள இரண்டு சாதனங்கள் இருக்கின்றன. பெருவிரல் அகலத்தில் வரிசையாக நிற்பவை எம்.சி.பி. அதன் முகத்தில் சி16, சி10, பி6 என்று ஏதாவது அச்சடித்திருக்கும், எண்தான் அதன் ஆம்பியர் அளவு. அதைவிட இரண்டு மடங்கு அகலமாக, 'டி' என்ற ஆங்கில எழுத்துப் போட்ட சின்னப் பொத்தானோடு இருப்பது ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் அது நான்கு மடங்கு அகலமாக இருக்கும்.

எம்.சி.பி. மின்சாரத்தின் அளவைப் பார்க்கிறது. உள்ளே ஒரு ஈருலோகப் பட்டை உண்டு. அளவுக்கு மேல் ஆம்பியர் ஓடினால் அது சூடேறி வளைந்து கொக்கியை விடுவிக்கும். கூடவே ஒரு காந்தச் சுருளும் உண்டு. பேஸும் நியூட்ரலும் ஒட்டி ஷார்ட் ஆனால் அது கண் இமைப்பதற்குள் இழுத்துவிடும்.

ஆர்.சி.சி.பி.க்கு அளவைப் பற்றிக் கவலையில்லை. பேஸில் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கும். வீடுகளில் போடுவது 30 மில்லிஆம்பியர் வகை. 30 தொடுவதற்குள் அது கட்டாயம் விழ வேண்டும், 15 வரை விழக் கூடாது. திரும்பி வராத அந்தக் கொஞ்சம் மின்சாரம் எங்கே போனது? ஈரம் வழியாக, கிரைண்டரின் இரும்பு உடம்பு வழியாக, எர்த் கம்பி வழியாக, இல்லையென்றால் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் நம் வீட்டு ஆள் வழியாக மண்ணுக்குப் போயிருக்கிறது. அதனால் ஆர்.சி.சி.பி. விழுந்தால் அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள்.

திருநெல்வேலி டவுன் ரத வீதி வீடுகள், பழைய அக்ரஹாரத்து வீடுகள் சிலவற்றில் இன்றும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான். கசிவைக் கண்டுபிடிக்க அங்கே எதுவுமே இல்லை. மற்ற வேலையெல்லாம் இருக்கட்டும், மெயின் சுவிட்சுக்கு அடுத்து ஒரு ஆர்.சி.சி.பி. போடுவதை அந்த வீட்டில் முதல் செலவாக வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்தவுடன்

ஓடிப் போய் ஏற்றாதீர்கள். கையைத் துடைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, காய்ந்த தரையில் நின்று பாக்ஸைத் திறந்து, எது கீழே இருக்கிறது என்று பாருங்கள். சில வகைகளில் நாக்கு, அதாவது ஏற்றி இறக்கும் பிடி, முழுதாகக் கீழே வராமல் பாதியில் நிற்கும், கவனித்தால்தான் தெரியும். கருகிய வாடை அடித்தாலோ, பாக்ஸின் மூடி கைக்குச் சூடாக இருந்தாலோ அதோடு நிறுத்துங்கள். மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வாடையும் சூடும் இல்லையென்றால், ஓடிக்கொண்டிருந்த சாமானின் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கே வெளியே வர வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இரண்டு நிமிடம் விடுங்கள், பட்டை ஆற வேண்டும். நாக்கை முழுதாகக் கீழே அழுத்தி, பிறகு மேலே ஏற்றுங்கள். பாதியிலிருந்து நேராக ஏற்றினால் நிற்காது. அதைப் பார்த்துவிட்டு 'ட்ரிப்பரே போச்சு' என்று புதிது வாங்கியவர்களும் உண்டு.

மறுபடி விழுந்தால் மூன்றாவது முறை ஏற்ற வேண்டாம்.

எப்போது விழுந்தது?

எம்.சி.பி. சுவிட்சைப் போட்ட நொடியில் டப்பென்ற சத்தத்தோடு விழுந்தால் ஷார்ட். சாமானுக்குள்ளோ, அதன் வயரிலோ, பிளக்கிலோ இரண்டு கம்பி ஒட்டியிருக்கிறது.

எம்.சி.பி. பத்து நிமிடமோ அரை மணியோ கழித்து விழுந்தால் ஓவர்லோடு. அல்லது எங்கோ ஒரு ஸ்குரூ லூசாகிச் சூடேறுகிறது.

மோட்டார் கிளம்பும்போது மட்டும் விழுந்தால் கிளம்பும் இழுவைதான் காரணம். கல் இறுகியிருக்கலாம், மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் போயிருக்கலாம், அல்லது 'பி' வகை எம்.சி.பி. போட்டிருக்கலாம். 'பி' வகை அதன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கிலேயே சட்டென்று விழும், 'சி' வகை 5 முதல் 10 மடங்கு வரை தாங்கும். மோட்டார் ஓடும் லைனுக்கு 'சி'தான் சரி.

ஆர்.சி.சி.பி. விழுந்தால், உடனே விழுந்தாலும் சரி, ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் தொடாமல் விழுந்தாலும் சரி, அது கசிவு. ஓவர்லோடுக்கு அது விழாது. 'லோடு தாங்கல அண்ணாச்சி' என்று ஆர்.சி.சி.பி.யைக் காட்டி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கசியும் சாமானைப் பிடிப்பது

1. வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். ஃபிரிட்ஜ், ஆர்.ஓ. மிஷின், போன் சார்ஜர் எதையும் விட வேண்டாம். பிறகு எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்குங்கள்.

2. ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். இப்போதே நிற்கவில்லையென்றால் கோளாறு சாமானில் இல்லை. சுவருக்குள் ஓடும் வயரிலோ ஆர்.சி.சி.பி.யிலோதான். அது உங்கள் வேலை இல்லை.

3. நின்றால் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக, நடுவில் ஒரு நிமிடம் விட்டு ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் ஈரமோ அடிபட்ட வயரோ இருக்கிறது.

4. எல்லாம் நின்றால் சாமான்களை ஒவ்வொன்றாகச் செருகி, சுவிட்சைப் போட்டு, பத்து நிமிடம் ஓட விடுங்கள். கெட்டில், குக்கர் போன்றவற்றில் தண்ணீர் ஊற்றித்தான் சோதிக்க வேண்டும். சூடேறிய பிறகு மட்டும் கசியும் எலிமெண்ட்களும் உண்டு, அவசரப்படாதீர்கள்.

5. ஒரு சாமானில் விழுந்தால், அதையே பட்டாசலில் (ஹாலில்) உள்ள வேறு பாயிண்டில் செருகிப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் சாமான்தான். அங்கே நின்றால் அடுக்களைப் பாயிண்டைச் சந்தேகப்படுங்கள்.

தனித்தனியாக எல்லாம் நிற்கும், சேர்ந்து ஓடும்போது மட்டும் விழும் வீடுகளும் உண்டு. இதற்குத்தான் ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். பழைய ஃபிரிட்ஜ் ஒரு 6, கெட்டில் ஒரு 7, குக்கர் ஒரு 6 மில்லிஆம்பியர் என்று கசிந்தால் மூன்றும் சேர்ந்து 19. பதினைந்தைத் தாண்டியதும் அது விழுந்தால் குற்றமில்லை. எதில் கசிவு அதிகம் என்று ஆள் வைத்து அளந்து, அதைச் சரிசெய்தால் போதும்.

சுவிட்ச் சமாசாரத்துக்கு வருகிறேன். நம் வீட்டுச் சுவிட்ச் பேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் எப்போதும் சாமானோடு இணைந்தே இருக்கும். சாமானுக்குள் நியூட்ரல் போய் உடம்பில், அதாவது எர்த்தில், ஒட்டியிருந்தால், அந்தச் சுவிட்ச் அணைந்திருந்தாலும், வேறு எங்கோ ஒரு ஃபேனைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழும். பாவம், ஃபேன் மேல் பழி விழும். பேஸ் கம்பியை மட்டும் துண்டிக்கும் ஒற்றைப் போல் (single pole) எம்.சி.பி.யும் நியூட்ரலைத் துண்டிக்காது. பிளக்கையே பிடுங்கச் சொல்வது இதனால்தான்.

கிரைண்டரைக் கவிழ்த்துப் பாருங்கள்

நம் ஊரில் நான் பார்க்கும் கசிவில் முன்னால் நிற்பது கிரைண்டர். 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த கிரைண்டர்கள் இன்னும் எத்தனையோ வீட்டில் ஓடுகின்றன. அவ்வளவு வருஷம் உழைத்த மிஷினுக்கு ஒரு முறையாவது அடிப்பக்கம் பார்க்க வேண்டாமா?

கல்லிடைக்குறிச்சி ஆச்சியை அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கிரைண்டரில் ஆட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுநாள் சாயங்காலம் போனேன். பிளக்கைப் பிடுங்கி, பானையையும் கல்லையும் எடுத்துவிட்டு, மிஷினைச் சாய்த்தேன். பானை உட்காரும் நடுத்தண்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு, சுண்ணாம்பு வழிந்த மாதிரி. உளுந்து மாவு. ஆட்டும்போது பொங்கி விளிம்பில் வழிந்த மாவும், கழுவும்போது ஊற்றிய தண்ணீரும் தண்டு வழியே இறங்கி, பெல்ட்டின் ஓரமாகப் போய், மோட்டாரின் மேல் பூச்சில் காய்ந்து தடித்திருந்தது. விரலால் சுரண்டினால் பொருக்காக உதிர்ந்தது. வெயில் நாளில் அந்தப் பொருக்கு காய்ந்து கிடக்கும், மின்சாரம் கசியாது. ஐப்பசி ஈரம் பட்டதும் அது ஊறி, வைண்டிங்கிலிருந்து, அதாவது மோட்டாரின் கம்பிச் சுற்றிலிருந்து, மிஷினின் இரும்பு உடம்புக்கு வழி போட்டுக் கொடுத்துவிட்டது. 'போன மாசம் நல்லாத்தான ஓடிச்சு' என்று எல்லாரும் கேட்பதற்கு இதுதான் காரணம்.

நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த மாவை மரக்குச்சியாலும் பழைய டூத் பிரஷாலும் சுரண்டி எடுங்கள். ஈரத்துணி போடாதீர்கள். இரண்டு நாள் நல்ல வெயிலில் வையுங்கள். வயர் மோட்டாருக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் கிழிந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வைண்டிங் கடையில் கொடுத்து 500 வோல்ட் மெகர் (கசிவுக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாருக்கும் உடம்புக்கும் நடுவே 1 மெகாஓம் தடை கூட இல்லையென்றால் அதைச் சுவரில் செருகவே கூடாது. ஆச்சியின் மோட்டார் காய்ந்ததும் தேறிவிட்டது. நடுத்தண்டின் சீல் மட்டும் மாற்றினோம்.

இனிமேல் கழுவும்போது பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவுங்கள். மிஷின் மேல் வைத்துச் செம்பால் ஊற்ற வேண்டாம்.

மற்ற சாமான்கள்

கெட்டில், ரைஸ் குக்கர், ஓவன், கீசர் எல்லாவற்றிலும் எலிமெண்ட்தான் சந்தேகத்துக்குரியது. அந்தக் குழாய்க்குள் வெள்ளைப் பொடியாக மெக்னீசியம் ஆக்சைடு இருக்கிறது, அது ஈரத்தை உறிஞ்சும். கிறிஸ்துமஸ் கேக்குக்காக வருஷத்தில் ஒரு முறை எடுக்கும் ஓவன் முதல் நாளே ஆர்.சி.சி.பி.யைத் தட்டிவிட்டால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் ஈரம்தான். இரண்டு மூன்று நாள் வெயில் காட்டுங்கள். அப்புறமும் விழுந்தால் எலிமெண்டை மாற்ற வேண்டும். ரைஸ் குக்கரில் இன்னொன்று: கஞ்சி பொங்கி வழிந்து அடித்தட்டுக்குள் இறங்கும்.

மிக்ஸி பாதியில் நின்று, வீட்டுக் கரண்டு போகாமல் இருந்தால் அது ட்ரிப்பர் விஷயமே இல்லை. மிக்ஸியின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஜாருக்குள் போட்டதைக் குறைத்து, பொத்தானை அழுத்தினால் ஓடும்.

ஃபிரிட்ஜ் கரண்டு போய் உடனே வந்ததும் எம்.சி.பி.யைத் தட்டினால், கம்ப்ரஸருக்குள் அழுத்தம் இறங்காமல் கிளம்பப் பார்க்கிறது என்று அர்த்தம். ஆடிக் காற்றில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் கரண்டு கண் சிமிட்டும் நாட்களில் இதைப் பார்க்கலாம். ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். ஐஸ் கட்டாத வகை இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் என்றால், சில மணி நேரத்துக்கு ஒரு முறை உள்ளே ஒரு ஹீட்டர் ஓடிப் பனியை உருக்கும். யாரும் எதையும் தொடாத நேரத்தில் ஆர்.சி.சி.பி. விழுகிறதென்றால் அந்த ஹீட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு போட்டதும் டப்பென்று எம்.சி.பி. விழுந்தால் உள்ளே போர்டு போயிருக்கும். மைக்ரோவேவை மட்டும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் திறக்காதீர்கள். அதிலுள்ள கண்டென்சர் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், உயிரை எடுத்துவிடும்.

ஓவர்லோடுக் கணக்கு

சாமானின் அடியில் போட்டிருக்கும் வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர். இண்டக்‌ஷன் 2000, கெட்டில் 1500, மிக்ஸி 750, ரைஸ் குக்கர் 700, ஃபிரிட்ஜ் 200 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5150 வாட், 22 ஆம்பியருக்கு மேல். இவ்வளவும் ஒரே சி16 எம்.சி.பி.யில் இருந்தால்? உடனே விழாது. 16 போட்ட எம்.சி.பி. 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், சுமார் 23 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும் என்பது விதி. அதனால்தான் ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தக் கணக்கு 30 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் பாக்ஸ் இருந்து, கத்திரியில் 40 டிகிரி கொதித்தால் அது இன்னும் சீக்கிரமே விழும்.

கணக்கு சரியாக இருந்தும் விழுந்தால் பிளக்கைப் பாருங்கள். கெட்டில் அணைந்து சிறிது நேரம் கழித்துப் பிடுங்கி, பின்னைச் சுற்றி பழுப்பு வளையமோ உருகிய தடமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சாக்கெட்டின் உள்பிடி தளர்ந்துவிட்டது. எம்.சி.பி.யின் ஸ்குரூவிலும் இதே கதைதான். லூசான இடம் சூடேறி, அந்தச் சூடு பட்டையை வளைத்து, பாதி லோடிலேயே விழவைக்கும்.

இங்கேதான் பலரும் பெரிய தப்பைச் செய்கிறார்கள்: 16ஐக் கழற்றிவிட்டு 32 போடுவது. எம்.சி.பி.யின் அளவு சாமானுக்காக வைத்ததில்லை, சுவருக்குள் ஓடும் வயருக்காக வைத்தது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 16 அல்லது 20, 1.5க்கு 10. வயரை மாற்றாமல் 32 போட்டால் விழுவது நின்றுவிடும், வயர் சுவருக்குள் வேக ஆரம்பிக்கும். இண்டக்‌ஷனுக்கும் கெட்டிலுக்கும் டி.பி.யிலிருந்து தனி லைன் இழுப்பதுதான் தீர்வு. அதுவரை இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இவற்றைச் செருகவே செருகாதீர்கள்.

மழை, வெள்ளம், எர்த்

மழை பெய்தால் மட்டும் விழுந்தால் சாமான்களை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். புறவாசல் லைட், மொட்டைமாடி டேங்க் மோட்டார், ஓதம் ஏறிய சுவரில் உள்ள சுவிட்ச் பாக்ஸ். தென்காசிப் பக்கம் சாரல் மாதங்களில் இது சாதாரணம். ஈரம் வந்தால் எறும்பும் பல்லியும் பாக்ஸுக்குள் ஒதுங்கும், அதுவும் ஷார்ட் ஆக்கும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் ஏறிய வீடுகளில் அடுத்த வாரம் வேலை பார்த்தேன். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜை மூன்று நாள் காயவைத்து, வெளியே பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார்கள். பின்பக்கம் கம்ப்ரஸரோடு ஒட்டிய ரிலே டப்பாவைத் திறந்தேன், உள்ளே ஆற்று வண்டல் ஈரமாகவே இருந்தது. முழுகிய சாமானை, எவ்வளவு காய்ந்ததாகத் தெரிந்தாலும், திறந்து பார்க்காமல் செருகக் கூடாது. முழுகிய எம்.சி.பி., ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எர்த் குழியை மறந்துவிடாதீர்கள். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்தால் எர்த்தும் செத்துவிடும், வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் இல்லாவிட்டாலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். ஆனால் கசிவு போக வேறு வழி இல்லாததால், யாராவது தொட்ட பிறகுதான் விழும். மூன்று பின் பிளக்கில் மேல் பின்னை ஒடித்துவிட்டுச் செருகுவது அதே நிலைமைக்கு நாமாகப் போவதுதான்.

ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக இணைப்பது

பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில், அடிக்கடி விழுகிறது என்று சொன்னதற்கு, வந்த ஆள் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக வயரை இணைத்துவிட்டுப் போயிருந்தார். விழுவது அன்றோடு நின்றது. இரண்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டது வேறு காரணத்துக்கு: "கிரைண்டரத் தொட்டா சுர்ருங்கு அண்ணாச்சி, பிள்ளையும் அங்கனதான் வெளையாடுது." எனக்குக் கை நடுங்கிவிட்டது. யார் செய்யச் சொன்னாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். மாதம் ஒரு முறை அந்த 'டி' பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழ வேண்டும். விழவில்லையென்றால் ஒன்று ஆர்.சி.சி.பி. செத்துவிட்டது, இல்லையென்றால் யாரோ தாண்டிவிட்டிருக்கிறார்கள்.

ஆளைக் கூப்பிடும்போது

எது விழுந்தது, எப்போது விழுந்தது, பிளக்கைப் பிடுங்கினால் நிற்கிறதா, மழை இருந்ததா. இந்த நான்கையும் போனிலேயே சொல்லுங்கள். இன்வெர்ட்டர் வைத்த பிறகுதான் விழ ஆரம்பித்தது என்றால் அதையும் சொல்லுங்கள், நியூட்ரலை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். மீட்டருக்கு வெளியே, கம்பத்தில் பொறி பறந்தாலோ வோல்டேஜ் ஏறி இறங்கினாலோ அது ஈ.பி. வேலை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987.

அப்புறம், டி.பி. பாக்ஸின் மூடிக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கி, வீட்டில் எது அணைகிறது என்று பார்த்து எழுதினால் கால் மணி நேர வேலை. கல்லிடைக்குறிச்சி வீட்டில் அதை எழுதியது ஆச்சியின் பேத்தி: "1 பட்டாசல் லைட், ஃபேன். 2 அடுக்களை லைட். 3 அடுக்களை பவர், கிரைண்டர். 4 மாடி. பெருசு விழுந்தா எதையும் தொடாதீங்க ஆச்சி, மொதல்ல பிளக்கப் புடுங்குங்க."